வெத்துக்கதவு வீடு

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த ஸ்டேஷனுக்கு ஜன்னலை மேற்குச் சுவரில் வைத்தது தப்பு. சாயங்கால வெயில் நேராக உங்கள் மேஜைமேல் அடிக்கிறது. ஏட்டு ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறார். வடக்குச் சுவரில் இதே அளவில் ஒரு ஜன்னல் திறந்து, மேற்கில் இருப்பதற்கு மேலே ஒரு சன்ஷேடு இழுத்துவிட்டால் அறையே வேறு மாதிரி ஆகிவிடும். வேண்டுமானால் நானே வரைந்து தருகிறேன். இனிமேல் எனக்கு ஓய்வு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தேவாசீர்வாதம். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். போன சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்த யோபு என் கூடப்பிறந்த அண்ணன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏட்டு வரிசையாக எழுதிக்கொள்ள வசதியாக இருக்கட்டுமே என்று சொல்கிறேன். அந்தச் சாவுக்காக எங்கள் கொத்தனார் சோணைமுத்துவைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன், மூலையில் குத்தவைத்து இருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் பார்த்தது புது வீடு. பழையதைப் பார்த்திருந்தால் நான் சொல்வது சுலபமாகப் புரியும். எங்கள் பாட்டனார் பருத்தியிலும் மிளகாய் வத்தலிலும் சம்பாதித்துக் கட்டியது. வாசல் நிலைக்கு மேலே 1886 என்று வருஷம் வெட்டியிருக்கும். ஒரு ஆள் படுக்கலாம் போலக் கனமான சுவர்கள். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்து அரைத்த காரை. மச்சில் இரண்டு அறைகள். அவற்றின் ஜன்னல்கள் முகம் பார்க்கிற கண்ணாடி அளவுதான். கீழே பெரிய கூடம், அதன் நட்டநடுவில் நாலு பர்மாத் தேக்குத் தூண்கள். பகலில்கூட விளக்கு ஏற்றாமல் வேதப்புத்தகம் வாசிக்க முடியாது. பலமான வீடு என்று ஊரே சொல்லும். பலமான வீடுதான், மறுக்கவில்லை. ஜெயிலும் பலமான கட்டிடம்தான்.

சென்னையில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அடையாறு பக்கம் போய்ப் புது வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். சுவர் முழுக்க ஜன்னல். தூணே இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனி. உள்ளே நுழைந்தால் கண் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தடங்கல் இல்லாமல் போய் வரும். அந்த மாதிரி ஒரு கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டால் போதும் என்று அப்போது தோன்றியது. இன்று வரைக்கும் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. குடியில்லை, சீட்டில்லை. என் மனைவி ஞானபூரணியைக் கேட்டால் சொல்வாள். இப்போது கேட்டால் சொல்லமாட்டாள். போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

என்னைச் சென்னையில் படிக்கவைத்தவர் அண்ணன். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து மாதாமாதம் பணம் அனுப்பினார். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஒழுங்கு உண்டு. அறைக் கதவுகளெல்லாம் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். உள்ளே தீப்பிடித்தால் ஆள் ஓடிவந்து நெஞ்சால் மோதினாலே கதவு விலகிக்கொள்ளும். அண்ணன் இருந்த கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறைக்கு மட்டும் பழைய கதவு, உள்பக்கம் திறப்பது. மாற்றச் சொல்லி அவர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சீசன் முடியுமுன் மருந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தள்ளத் தள்ள அது இறுகிக்கொண்டது. அண்ணன் உயிரோடு வந்தார், கண் வரவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கதவாக இருந்தாலும் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, உடம்பு மொத்தத்தையும் சாய்த்துத்தான் தள்ளுவார். எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லா வீட்டையும் போல உள்பக்கம் திறப்பவை. தினம் நாலு தடவையாவது மோதிக்கொள்வார், மோதிவிட்டுச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தார்.

கூடத்தில் அவர் நடப்பதைப் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அதிசயமாக இருக்கும். கம்பு கிடையாது, தடுமாற்றம் கிடையாது. தூணுக்குத் தூண் கை மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று போவார். நாலு தூணுக்கும் சுவிசேஷக்காரர்களின் பெயர் வைத்திருந்தார். மத்தேயுவில் திரும்பினால் சமையலறை, மாற்குக்கு வலப்பக்கம் அவருடைய அறை, லூக்காவிலிருந்து மாடிப்படி, யோவானைத் தாண்டினால் வாசல். ஞானபூரணியும் அதே பாஷைக்குப் பழகிவிட்டாள். "பெரியத்தான், காப்பிய லூக்காகிட்ட வச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க" என்பாள். நல்ல விளையாட்டுதான். ஆனால் ஐயா, கறுத்துப்போன அந்தத் தூண்களில் இத்தனை வருஷமாக ஒரே உயரத்தில் கை பட்டுப் பட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பட்டையாக ஏறியிருந்தது. காலையில் நான் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான்.

வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று நான் கேட்டபோது அண்ணன் மறுக்கவில்லை. வீடு மூத்தவர் என்ற முறையில் அவர் பெயரில் இருந்தது. நான் வரைந்த பிளானைக் காகிதத்தில் காட்ட முடியாதே. அதனால் தரையில் மணலைப் பரப்பி, விரலால் கோடு இழுத்து, அவர் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினேன். மச்சின் மேல் சுவரை எடுத்துவிட்டுக் கான்கிரீட் மாடி. கீழே மொசைக் தரை. கிழக்கே ரயில் பாதையைப் பார்த்து ஒரு பால்கனி. அவர் ஒவ்வொன்றையும் கேட்டு ரசித்தார். முற்றத்தை மூடுவதற்குச் சம்மதித்தார். கிணற்றடியைத் தள்ளிக் கட்டுவதற்குச் சம்மதித்தார். ஒன்று மட்டும் கேட்டார், கதவெல்லாம் வெளியே பார்த்துத் திறக்க வேண்டும் என்று. நியாயமான கோரிக்கை, ஒப்புக்கொண்டேன். அப்புறம் மணலில் கூடத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் நடுவில் நின்றது.

"ஏலே, இங்கன நாலு பேரைக் காணோமே."

பழைய தண்டவாள இரும்பு வாங்கி மேலே போட்டால் கூரைக்குத் தூண் தேவையில்லை என்று விளக்கினேன். கூரைக்குத் தேவையில்லை சரி, அவர் எதைப் பிடித்து நடப்பது என்று கேட்டார். ஒரு கம்பு வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"கம்பு ஊண்டுனா கண்ணில்லாதவன்னு ஆயிருவேன்லே. இந்த வீட்டுக்குள்ளயாவது கண்ணு தெரியட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு, "நான் இருக்க மட்டும் அவுக இருக்கட்டும். பொறவு ஒன் இஷ்டம்" என்றார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தூண்களை எடுக்கவே கூடாது என்று அண்ணன் சொல்லவில்லை. எப்போது எடுக்கலாம் என்றுதான் சொன்னார். வேலையின் வரிசையில் அது ஒரு கட்டம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சோணைமுத்து வேலையைத் தொடங்கினார். நல்ல கைக்காரர். சித்தாள் வள்ளித்தாயும் மற்ற பெண்களும் கலவைச் சட்டி கைமாற்றிக் கொடுத்தால் ஒரு துளி சிந்தாது. மாடி ஏறியது, பெரிய ஜன்னல்கள் வந்தன, கிழக்குச் சுவரில் பால்கனிக் கதவுக்கு நிலை வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்கனிக்குச் சிமெண்டு போதவில்லை. பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை வாங்க முடியாத காலம் இது, உங்களுக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கையில் இருந்த மிச்சத்தில் கிழக்குப் பக்க ஜன்னல்களுக்குச் சன்ஷேடு மட்டும் போட்டோம். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டி கைமாறுகிற சத்தத்தைக் கேட்டு, பால்கனிக்குத்தான் போடுறாகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். சன்ஷேடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும் என்ற சோம்பல்தான். அன்றைக்கு நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

ஞானபூரணி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தவளிடம், பால்கனி முடிந்துவிட்டது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்றேன். பெர்மிட் வரவில்லை என்று தெரிந்தால் அவரே தாலுகா ஆபீசுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிடுவார், வெயிலில் அலையவிட வேண்டாம் என்றேன். அவளுக்கு அது சரியாகப் பட்டது. சோணைமுத்துவிடமும் சொல்லி வைத்தாள். எல்லாரும் அண்ணன்மேல் இருந்த பிரியத்தால் அந்தப் பொய்யைக் காப்பாற்றினார்கள். எனக்கும் அண்ணன்மேல் பிரியம் உண்டு. அதில் யாரும் சந்தேகப்பட இடமில்லை.

பெர்மிட் அடுத்த வாரமே வந்துவிட்டது.

மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. எங்கள் சித்தப்பா மகன் அய்யாதுரையின் மிளகாய்க் கிட்டங்கியில் இறக்கி வைத்தேன். வீட்டில் இடமில்லை என்று அவனிடம் சொன்னேன். நீங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். பின்சுவரை ஒட்டி, வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும். போகிறவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போகட்டும்.

இதற்கிடையில் சோணைமுத்து அந்தக் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார். கண் தெரியாத மனுஷர் நடமாடுகிற வீடு, வெளியே ஒன்றுமில்லை, இப்படியே விடக்கூடாது என்று அவரே யோசித்துச் செய்தது. அந்தப் பலகை எங்கே போனது என்றுதான் நீங்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியாது. நான்தான் கழற்றினேன். கதவுக்கு இளநீலம் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன், காய்ந்தது, பலகையைத் திரும்ப வைக்கவில்லை. கீல்களுக்கு நல்லெண்ணெய் விட்டேன். ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கிற கதவு அது. அதைச் செய்த ஆசாரி சங்கிலிமுத்துவைப் பாராட்டத்தான் வேண்டும்.

எங்கள் சபையில் வீட்டுப் பிரதிஷ்டை என்று ஒன்று உண்டு. போதகர் வருவார், சபையார் வருவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே அறை அறையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஜெபம் செய்வார்கள். முன்னால் போய் ஒவ்வொரு கதவையும் திறந்துவிடுவது வீட்டின் மூத்தவர். அது அவருக்குரிய மரியாதை. அண்ணன் அந்த நாளுக்காகப் புது வேட்டி எடுத்து வைத்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. மாடி புதிய இடம், அங்கே சுவிசேஷக்காரர்கள் யாரும் இல்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியிருக்குமோ என்று அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது. நான் அவரைத் தூண்டவில்லை. போதகரும் சபையாரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் சாப்பிடும்போது ஒருதரம் சொன்னேன். அப்படியானால் முன்னாடியே ஒரு தடவை நடந்து பார்த்துவிடலாம் என்று சொன்னவர் அவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையாட்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஞானபூரணிக்கு அன்று பகல் டியூட்டி. நானும் அண்ணனும் மாடிக்கு ஏறினோம். சுவரைத் தடவிக்கொண்டு முதல் அறைக் கதவைத் திறந்தார், அடுத்ததைத் திறந்தார். பாட்டையும் மெதுவாக முணுமுணுத்துக்கொண்டார். அறைக்குள் போய்விட்டுத் திரும்பத் தள்ளும்போது கதவுகள் வெளிப்பக்கம் திறக்கத் திறக்க அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் கட்டியதை ஒருவர் அவ்வளவு ஆசையாக அனுபவித்து நான் பார்த்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளங்கை இரண்டையும் கதவில் பதித்தார்.

"பால்கனி நல்லா முடிஞ்சிருச்சாலே?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"எப்படி இருக்கு, சொல்லு."

சொன்னேன். முன்பக்கம் வளைவாக, கப்பலின் முகப்பு போல இருக்கும். இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர், அதன்மேல் வழுவழுவென்று சிவப்புச் சிமெண்டு. சாயங்காலம் அங்கே நின்றால் தூத்துக்குடி ரயில் வருகிற காற்று முகத்தில் அடிக்கும் என்று சொன்னேன். இதில் எதுவும் இட்டுக்கட்டியது இல்லை. எல்லாம் பிளானில் உள்ளபடிதான். இன்னும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

"நீ சொன்னா நான் பாத்த மாதிரிலே" என்றார். வழக்கம்போல உடம்பைச் சாய்த்துத் தள்ளினார்.

கீழே சோணைமுத்து பால்கனிக்காகக் கொட்டி வைத்திருந்த கருங்கல் ஜல்லி. நான் படியிறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது. என் காலடியைக் கேட்டு முகத்தைத் திருப்பினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"இடிஞ்சிருச்சோ தம்பி? ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லண்ணே, அது இடியாது என்றேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் கட்டிய பால்கனி இடிந்து விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் நீங்கள் வந்து பார்த்துவிட்டு, வாத்தியார் பிளான் போட்ட லட்சணம் இது என்று என் மனைவியிடம் சொன்னீர்களாம். கட்டிட அமைப்பில் இருந்த கோளாறால் நேர்ந்த மரணம் என்று ரிப்போர்ட்டும் எழுதினீர்களாம். அதற்குள் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஸ்டேஷன் ரோடு டீக்கடையில் வழி கேட்ட ஒருவருக்கு என் காது படச் சொல்கிறார்கள், வெத்துக்கதவு வீட்டுக்குப் பக்கத்துச் சந்து என்று. வெளியே ஒன்றுமில்லாத இடத்தில் கதவு வைத்தவன் என்று என்னை ஜாடை காட்டிச் சிரித்தார்கள்.

அதனால்தான் வந்தேன். ஏட்டு இதைத் தெளிவாக எழுத வேண்டும். பிளானில் கோளாறு இல்லை. பிளானில் பால்கனி இருக்கிறது. அதைக் கட்டுவதற்குச் சிமெண்டும் இருந்தது, ஆளும் இருந்தது. என் அண்ணன் அந்தக் கதவு வழியாக விழ வேண்டும் என்பதற்காக நான்தான் அதைக் கட்டாமல் வைத்திருந்தேன். கட்டிடத்தின்மேல் பழி போட வேண்டாம். சோணைமுத்துவை இன்றைக்கே விட்டால் மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டுவிடலாம். மூட்டை ரொம்ப நாள் கிடந்தால் சிமெண்டு இறுகிப்போகும்.

ஞானபூரணி ஆமத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன், பலகையைக் கழற்றியது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பெயிண்ட் அடிக்க நான்தான் கழற்றினேன் என்றேன். தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, தூணுக்குத் தூண் கையை வைத்துக்கொண்டே வாசல் வரைக்கும் நடந்து போனாள்.

தூண்களைக் கழற்றியாகிவிட்டது. சோணைமுத்து இங்கே இருந்ததால் சாத்தூரிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. தண்டவாளத்தை ஏற்றி முட்டுக் கொடுத்து, நாலையும் ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். கூரை அசையவில்லை. இன்று காலை கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன் ஐயா, பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து முடித்தால் தெரியும் என்று நினைக்கிறேன்.